நாலு ஜிபியில் காலம் தள்ளுவது எப்படி?

மடிக்கணினியில் நடக்கும் எந்த வேலையும் ரேமுக்குள் வந்துதான் ஆக வேண்டும். தட்டச்சாகிக்கொண்டிருக்கும் கடிதம், திறந்திருக்கும் இணையப் பக்கம், பின்னணியில் ஓடும் வைரஸ் தடுப்பான், திரையில் தெரியும் எழுத்துருக்கள் என எல்லாவற்றையும் புராசஸர் அங்கிருந்துதான் எடுத்துக் கையாளுகிறது. ஹார்டு டிஸ்கிலும் எஸ்எஸ்டியிலும் இருப்பது சேமிப்பு. ரேமில் இருப்பது நடப்பு. டிஸ்கில் 500 ஜிபி காலியாகக் கிடந்தாலும் 4 ஜிபி ரேம் போதாமல் போனால் கணினி திணறும். “மெமரிதான் நிறைய இருக்கே, அப்புறம் ஏன் ஹேங் ஆகுது?” என்று பழுதுபார்க்கும் கடைகளில் வாடிக்கையாளர்கள் கேட்பது இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான்.

இன்றைய ரேமின் அடிப்படை அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ராபர்ட் டெனார்டு 1966-ல் யோசித்து, 1968-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான். கெப்பாசிட்டரில் மின்னேற்றம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆனால் அந்த மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். எனவே ஒவ்வொரு பிட்டையும் பொதுவாக 64 மில்லிசெகண்டுக்கு ஒருமுறையாவது படித்துத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. மின்சாரம் நின்றால் ரேமில் இருந்ததெல்லாம் போய்விடுவது இதனால்தான். 1970-ல் இன்டெல் விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 என்ற சிப் 1,024 பிட்டுகளைத் தாங்கியது. இன்று ‘போதாது’ என்று ஒதுக்கப்படும் 4 ஜிபி ரேம் அப்படிப்பட்ட 3 கோடியே 35 லட்சம் சிப்புகளுக்குச் சமம்.

அப்படியும் போதவில்லை என்பதற்குக் காரணம் மென்பொருள்களின் பசி. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பக் காலக் கணினிகள் 2 ஜிபி ரேமோடு வந்தவை. அன்றைய விண்டோஸ் 7-ன் 64 பிட் பதிப்பு கேட்ட குறைந்தபட்ச அளவும் அதுவே. 2021-ல் வந்த விண்டோஸ் 11 குறைந்தபட்சமாக 4 ஜிபி கேட்கிறது. இந்தக் ‘குறைந்தபட்சம்’ என்ற சொல்லை நம்பிக் கணினி வாங்கியவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. இயங்குதளம் திறக்கும், திரை ஒளிரும் என்பதைத் தாண்டி அதற்குப் பெரிய பொருள் கிடையாது.

பத்து லட்சம் பக்கங்கள்

இயங்குதளம் ரேமைச் சிறு சிறு பக்கங்களாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஒரு பக்கத்தின் வழக்கமான அளவு 4 கேபி. ஆப்பிளின் எம் வரிசை சிப்புகளில் 16 கேபி. 4 ஜிபி ரேமில் 10,48,576 பக்கங்கள் அடங்கும். ஓடும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனக்கென்று தனி நினைவகம் முழுதாக இருப்பது போன்ற தோற்றத்தை இயங்குதளம் தருகிறது. உண்மையில் அதன் பக்கங்கள் ரேமில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். சில டிஸ்கில் இருக்கும். சில இன்னும் உருவாகியே இருக்காது. தேவைப்படும் பக்கம் ரேமில் இல்லையென்றால் மென்பொருளை ஒரு கணம் நிறுத்தி, பக்கத்தை டிஸ்கிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரச் செய்கிறது. மெய்நிகர் நினைவகம் என்பது இந்த ஏற்பாடுதான்.

இதை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகம். டாம் கில்பர்ன் தலைமையில் அங்கு உருவாகி 1962 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் காந்த வளைய நினைவகம் 16 ஆயிரம் சொற்கள் அளவுக்குத்தான் இருந்தது. அதற்குத் துணையாக மொத்தம் 96 ஆயிரம் சொற்கள் கொள்ளும் சுழல் உருளைகள். நிரல் எழுதுபவரின் கண்ணுக்கு இரண்டும் சேர்ந்து ஒரே நினைவகமாகத் தெரிந்தன. எந்தப் பக்கத்தை உருளைக்குத் தள்ளுவது என்பதைக் கணினியே பழக்கத்திலிருந்து கற்றுத் தீர்மானித்தது. சிறிய ரேமை வைத்துக்கொண்டு பெரிய வேலை செய்வது ஏழைகளின் மடிக்கணினிக்கு நேர்ந்த புதுச் சோதனை இல்லை. அன்றைய மிகப் பெரிய கணினிகளுக்கே அதுதான் நிலைமை.

வெளியே தள்ள வேண்டிய பக்கம் எது? 1966-ல் ஐபிஎம்மின் லாஸ்லோ பெலாடி அதற்குச் சரியான விடையைச் சொல்லிவிட்டார்: எந்தப் பக்கம் மறுபடி தேவைப்பட மிக அதிக நேரம் ஆகுமோ, அதைத் தள்ள வேண்டும். வருங்காலம் தெரிந்த கணினி கிடையாது என்பதால் இன்றுவரை எல்லா இயங்குதளங்களும் கடந்த காலத்தை வைத்துத்தான் ஊகிக்கின்றன. நெடுநேரம் தொடப்படாமல் கிடக்கும் பக்கம் இனியும் தேவைப்படாது என்று கொள்கின்றன. இந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கிறது. ஏனென்றால் எந்த மென்பொருளும் ஒரு நேரத்தில் தன் பக்கங்களில் ஒரு சிறு பகுதியையே திரும்பத் திரும்பத் தொடுகிறது. 1968-ல் பீட்டர் டென்னிங் அந்தப் பகுதிக்கு ‘வொர்க்கிங் செட்’ என்று பெயர் வைத்தார். தமிழில் வேலைத் தொகுதி எனலாம்.

ரேம் விவகாரம் முழுவதும் இந்தக் கருத்தில் அடங்கிவிடுகிறது. திறந்து வைத்திருக்கும் மென்பொருள்களின் மொத்த அளவு ரேமைவிடப் பெரிதாக இருந்தால் ஒன்றும் மோசமில்லை. அந்தந்த நேரத்து வேலைத் தொகுதிகள் ரேமுக்குள் அடங்கினால் போதும். அடங்காவிட்டால், ஒரு பக்கத்தை உள்ளே கொண்டுவர இன்னொன்றைத் தள்ள வேண்டும். தள்ளிய பக்கமே அடுத்த நொடியில் தேவைப்படும். கணினி வேலையை விட்டுவிட்டுப் பக்கங்களைத் தூக்கிச் சுமப்பதிலேயே முழு நேரத்தையும் கழிக்கும். டென்னிங் ஆராய்ந்த இந்த நிலைக்கு ‘த்ராஷிங்’ என்று பெயர். சுட்டி நகரும், ஆனால் எதைச் சொடுக்கினாலும் அசைவு இருக்காது. டிஸ்கின் விளக்கு மட்டும் அணையாமல் எரியும்.

இது எவ்வளவு விரைவாக முற்றும் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்கத் தோராயமாக 100 நானோசெகண்டு ஆகிறது. எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க 100 மைக்ரோசெகண்டு, அதாவது ஆயிரம் மடங்கு. சுழலும் ஹார்டு டிஸ்கிலிருந்து எடுக்க 10 மில்லிசெகண்டு, அதாவது லட்சம் மடங்கு. ரேமில் எடுப்பதற்கு ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டிக்குப் போய்வரக் கிட்டத்தட்ட 17 நிமிடம் பிடிக்கும். ஹார்டு டிஸ்குக்குப் போய்வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். இப்போது ஆயிரம் தடவையில் ஒரே ஒரு தடவை பக்கம் ரேமில் இல்லாமல் போகிறது என்று கொள்வோம். ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் சராசரி வேகம் நூறில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். எஸ்எஸ்டி உள்ள கணினியில் அதே தவறு வேகத்தைப் பாதியாக்குவதோடு நின்றுவிடும். பழைய மடிக்கணினிக்கு எஸ்எஸ்டி மாற்றியதும் ‘ரேம் கூடினது மாதிரி’ இருப்பதாகப் பலர் சொல்வதன் காரணம் இதுதான். ரேம் கூடவில்லை, பற்றாக்குறைக்கான தண்டனை குறைந்திருக்கிறது.

நிறைந்திருப்பது நோயல்ல

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி’ என்பதைச் சொடுக்கியதும் பெரும்பாலோர் பார்ப்பது சதவீதத்தை. 78 என்று இருந்தால் பதற்றம் வந்துவிடுகிறது. அந்த எண் தனியாக எதையும் சொல்லாது. காலியாகக் கிடக்கும் ரேம் யாருக்கும் பயன்படாத ரேம் என்ற கொள்கையில்தான் இன்றைய இயங்குதளங்கள் எல்லாம் இயங்குகின்றன. மூடிய கோப்பின் பக்கங்களையும், அடிக்கடி திறக்கப்படும் மென்பொருளின் பகுதிகளையும் மிச்சமுள்ள இடத்தில் நிரப்பி வைக்கின்றன. வேறு யாராவது இடம் கேட்டால் அவற்றை உடனே விட்டுக்கொடுத்துவிடும்.

பார்க்க வேண்டிய எண்கள் அந்தப் படத்துக்குக் கீழே இருக்கின்றன. ‘அவைலபிள்’ என்பது கேட்டவுடன் கொடுக்கக்கூடிய அளவு. ‘கேச்ட்’ என்பதில் பெரும்பகுதி மேலே சொன்ன முன்னேற்பாட்டுச் சேமிப்பு. அதைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை. ‘கமிட்டட்’ என்ற இடத்தில் சாய்கோட்டுக்கு இரு பக்கமும் இரண்டு எண்கள் இருக்கும். உதாரணமாக 4 ஜிபி கணினியில் 6.4/8.1 என்று இருந்தால், மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்து 6.4 ஜிபி வரை தங்களுக்கு வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கின்றன, ரேமும் டிஸ்கில் ஒதுக்கிய பேஜ் ஃபைலும் சேர்ந்து தரக்கூடியது 8.1 ஜிபி என்று பொருள். இடது எண் வலது எண்ணை நெருங்கும்போதுதான் மென்பொருள்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். ‘இன் யூஸ்’ என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குள், டிஸ்குக்கு அனுப்பாமல் ரேமிலேயே சுருக்கி வைத்த பக்கங்களின் அளவும் தெரியும். அது ஏறிக்கொண்டே போவது நெருக்கடியின் முதல் அறிகுறி. உறுதிசெய்ய வேண்டுமானால் ரிசோர்ஸ் மானிட்டரில் ‘ஹார்டு ஃபால்ட்ஸ்’ என்ற வரைபடத்தைப் பார்க்கலாம். டிஸ்கிலிருந்து நொடிக்கு எத்தனை பக்கங்கள் கொண்டுவரப்படுகின்றன என்பதை அது காட்டும். மென்பொருளைத் திறக்கும்போது அது உயர்வது இயல்பு. ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதும் நூற்றுக்கணக்கில் நின்றால் ரேம் போதவில்லை என்று முடிவுக்கு வரலாம்.

மேக் கணினியில் இந்தத் தலைவலி குறைவு. ஆக்டிவிட்டி மானிட்டரில் ‘மெமரி பிரஷர்’ என்ற ஒரே வரைபடம் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் நிலைமையைச் சொல்லிவிடுகிறது. லினக்ஸில் ‘ஃப்ரீ’ என்ற கட்டளையைக் கொடுத்தால் வரும் அட்டவணையில் ‘ஃப்ரீ’ என்ற கட்டத்தை விட்டுவிட்டு ‘அவைலபிள்’ என்ற கட்டத்தைப் பார்க்க வேண்டும். முதலாவதைப் பார்த்துவிட்டு ‘லினக்ஸ் ரேமைத் தின்றுவிட்டது’ என்று புலம்புவது புதியவர்களின் வழக்கம்.

யார் தின்கிறார்கள்?

பெரும்பாலான மடிக்கணினிகளில் முதல் இடம் பிரவுசருக்கு. 2008-ல் கூகுள் குரோம் வந்தபோது டேப்புகளைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து ஓட்டும் முறையைப் பரவலாக்கியது. ஒரு டேப் முறிந்தாலும் மற்றவை பிழைக்கும் என்பது அதன் நன்மை. ஒவ்வொன்றும் தனக்கென்று இடம் பிடிப்பது அதற்கான விலை. 2018-ல் ஸ்பெக்டர் என்ற புராசஸர் பலவீனம் வெளியானபின், ஒரு தளத்தின் தகவலை இன்னொரு தளம் எட்டிப் பார்க்காமல் தடுக்க, குரோம் 67-ல் தளத்துக்குத் தனிச் செயல்முறை என்று ஆக்கினார்கள். அதனால் மட்டும் நினைவகச் செலவு 10 முதல் 13 சதவீதம் வரை கூடும் என்று கூகுளே சொன்னது. பாதுகாப்புக்காகக் கொடுக்கும் இந்த விலையை மிச்சம் பிடிக்க நினைப்பது புத்திசாலித்தனமாகாது.

ஆனால் எந்த டேப் எவ்வளவு எடுக்கிறது என்று பார்ப்பது பயனுள்ள வேலை. விண்டோஸில் குரோமுக்குள் இருந்தபடி ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் அழுத்தினால் அதன் சொந்த டாஸ்க் மேனேஜர் திறக்கும். ‘மெமரி ஃபுட்பிரின்ட்’ என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் எடுப்பவை மேலே வரும். எழுத்து மட்டுமே உள்ள ஒரு கட்டுரைப் பக்கம் பட்டியலின் அடியில் இருக்கும். மின்னஞ்சல், வீடியோ, ஓயாமல் புதுப்பித்துக்கொள்ளும் செய்தித் தளங்கள், சமூக ஊடகங்கள் மேலே இருக்கும். எப்போதோ போட்டு மறந்துபோன எக்ஸ்டென்ஷன்களின் பெயர்களும் இடையிடையே தலைகாட்டும்.

அடுத்து வருபவை, மென்பொருள் வேடத்தில் இருக்கும் பிரவுசர்கள். 2013-ல் கிட்ஹப் நிறுவனம் தன் எடிட்டருக்காக உருவாக்கிய எலக்ட்ரான் என்ற அடித்தளத்தில், இணையப் பக்கம் எழுதத் தெரிந்தவர் எவரும் டெஸ்க்டாப் மென்பொருள் உருவாக்கிவிடலாம். ஸ்லாக், டிஸ்கார்டு, விஷுவல் ஸ்டூடியோ கோடு எல்லாம் அப்படி வந்தவை. ஒவ்வொன்றும் குரோமின் உள்ளுறுப்பு முழுவதையும் தன்னோடு சுமந்துகொண்டு வருகிறது. இப்படி மூன்றைத் திறந்தால், ஏற்கெனவே திறந்திருக்கும் பிரவுசரோடு சேர்த்து நான்கு பிரவுசர்கள் ஓடுகின்றன. நிரலாளருக்கு மிச்சமான உழைப்பு பயனாளரின் ரேமிலிருந்து கழிக்கப்படுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். 4 ஜிபி கணினியில் இவற்றைத் தனி மென்பொருளாக நிறுவாமல் பிரவுசரில் ஒரு டேப்பாகத் திறப்பதே சிக்கனம்.

கண்ணுக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்ளும் இன்னொருவர் கிராஃபிக்ஸ். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினிகளில் திரைக்கான நினைவகமும் அதே ரேமிலிருந்துதான் போகிறது. 4 ஜிபி என்று வாங்கிய கணினியில் 3.4 ஜிபிதான் காட்டுகிறது என்றால் மீதியில் பெரும்பங்கு அங்கே ஒதுக்கப்பட்டிருக்கும். சில கணினிகளின் பயாஸில் இந்த ஒதுக்கீட்டைக் குறைக்க வழி உண்டு. 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தாலும் இதே குறை தெரியும். 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம், அதாவது சரியாக 4 ஜிபி. அதிலும் ஒரு பகுதி வன்பொருள்களுக்குப் போய்விடும்.

கடைசியாக, ஒழுகும் மென்பொருள்கள். வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தர மறந்துபோகும் பிழை உள்ள மென்பொருள், காலையில் 200 எம்பி, மாலையில் ஒரு ஜிபி என்று வளர்ந்துகொண்டே போகும். டாஸ்க் மேனேஜரில் ஒரே பெயரைச் சில மணி நேர இடைவெளியில் பார்த்தாலே பிடிபட்டுவிடும். மூடித் திறப்பதுதான் உடனடி மருந்து.

பலன் தருபவை

முதலில் செய்ய வேண்டியது டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியைத் திறப்பது. கணினி திறந்ததும் தானாக எழுந்துகொள்பவை எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும்: பிரிண்டர் உதவியாளர், விளையாட்டு லாஞ்சர், மியூசிக் பிளேயர், வீடியோ கூட்டத்துக்கான மென்பொருள், எதெதற்கோ ஆன அப்டேட்டர்கள். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம் என்பவற்றை அங்கேயே ‘டிஸேபிள்’ செய்துவிடலாம். மென்பொருள் போய்விடாது, அழைக்காமல் வருவது மட்டும் நிற்கும். டச்பேடு, ஆடியோ டிரைவர் தொடர்பானவற்றைத் தொடாமல் விடுவது நல்லது. இரண்டு வைரஸ் தடுப்பான்கள் இருந்தால் ஒன்றை நீக்கியே ஆக வேண்டும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே சாதாரணப் பயன்பாட்டுக்குப் போதும். தமிழ்த் தட்டச்சுக்கான என்ஹெச்எம் ரைட்டர் போன்ற சிறு கருவிகள் எடுக்கும் இடம் மிக அற்பம். அவற்றை மூடி மிச்சம் பிடிக்க நினைப்பது வீண்.

பிரவுசரில் தூங்கவைக்கும் வசதியை முடுக்கிவிட வேண்டும். குரோமில் 2022 டிசம்பரில் வந்த ‘மெமரி சேவர்’, எட்ஜில் 2021-ல் வந்த ‘ஸ்லீப்பிங் டேப்ஸ்’ இரண்டும் வெகுநேரம் பார்க்கப்படாத டேப்புகளின் செலவைக் குறைக்கின்றன. குரோம் அந்த டேப்பை ரேமிலிருந்து அகற்றிவிட்டுத் தலைப்பை மட்டும் வைத்துக்கொள்கிறது; சொடுக்கினால் பக்கம் மறுபடி இறங்கும். பாதி நிரப்பிய விண்ணப்பப் படிவம் இருக்கும் டேப்புக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்து வைப்பது அவசியம். ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் ‘அபவுட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, ‘அன்லோட்ஸ்’ என்று சேர்த்தால் டேப்புகளைக் கையாலேயே இறக்கிவிடும் பக்கம் வரும்.

‘ஷட் டவுன்’ கொடுத்துத் திறப்பதும் ‘ரீஸ்டார்ட்’ கொடுப்பதும் ஒன்றல்ல என்பது பலருக்கும் தெரியாது. விண்டோஸ் 8-லிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற ஏற்பாடு உண்டு. ஷட் டவுன் செய்யும்போது பயனாளரின் மென்பொருள்கள் மூடப்படும். ஆனால் இயங்குதளத்தின் உள்பகுதியும் டிரைவர்களும் அப்படியே டிஸ்கில் எழுதிவைக்கப்பட்டு, அடுத்த முறை அதே நிலையில் திரும்ப ஏற்றப்படும். டிரைவரில் ஒழுக்கு இருந்தால் நாள்தோறும் அணைத்துத் திறந்தாலும் அது தொடரும். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். வாரம் ஒருமுறை அதைச் செய்வது நல்ல பழக்கம்.

பேஜ் ஃபைலை என்ன செய்வது என்பதில் குழப்பம் அதிகம். டிஸ்கில் அது பிடிக்கும் ஜிபிக்களைப் பார்த்து அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. ரேம் குறைந்த கணினியில் இது வேலியைப் பிடுங்குவதற்கு ஒப்பானது. தொடப்படாத பக்கங்களை வெளியே வைக்க வழியில்லாமல் போய், நல்ல பக்கங்கள் நெருக்கப்பட்டு, கடைசியில் மென்பொருள்கள் மூடிக்கொள்ளும். அளவை விண்டோஸின் பொறுப்பில் விட்டுவிடுவதே நல்லது. இரண்டு டிஸ்குகள் இருந்தால் பேஜ் ஃபைல் எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும்.

டிஸ்குக்குப் போகும் முன்பே பக்கங்களைச் சுருக்கி ரேமிலேயே வைத்துக்கொள்வது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நடந்த நல்ல மாற்றம். ஆப்பிள் 2013-ல் மேவரிக்ஸ் பதிப்பிலும், மைக்ரோசாஃப்ட் 2015-ல் விண்டோஸ் 10-லும் இதைக் கொண்டுவந்தன. லினக்ஸில் ‘இசட்ரேம்’ என்ற பெயரில் இருக்கிறது. ஃபெடோரா 2020-ல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து இயல்பாகவே போட்டுத் தருகிறது. பக்கங்கள் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ சுருங்கும். சுருக்கி விரிக்கப் புராசஸருக்குச் சில மைக்ரோசெகண்டுகள் போதும் என்பதால் டிஸ்குக்குப் போய்வருவதைவிட எவ்வளவோ மேல்.

விண்டோஸே தாங்காத 2 ஜிபி, 3 ஜிபி கணினிகளுக்கு லினக்ஸ்தான் கதி. லுபுண்டு, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போன்றவை எளிய திரை அமைப்போடு வருவதால் பிரவுசருக்கு அதிக இடம் விடுகின்றன. இதிலும் பிரவுசர் அதே பிரவுசர்தான் என்பதால் அற்புதம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. இடம் முற்றிலும் தீர்ந்தால் லினக்ஸ் தானே ஒரு செயல்முறையைத் தேர்ந்து கொன்றுவிடும். குரோம் ஓடும் கணினியில் பெரும்பாலும் பலியாவது ஏதாவது ஒரு டேப்.

பலன் தராதவை

‘ரேம் பூஸ்டர்’, ‘மெமரி கிளீனர்’ என்ற பெயர்களில் வருபவை செய்யும் காரியம் எளியது. ஓடும் மென்பொருள்கள் எல்லாவற்றின் பக்கங்களையும் ரேமைவிட்டு வெளியேற்றும்படி இயங்குதளத்தைக் கேட்டுக்கொள்கின்றன. சதவீதம் 80-லிருந்து 40-க்கு விழும், திரையில் பச்சை நிறத்தில் வாழ்த்துச் செய்தி வரும். அடுத்த நிமிடம் அந்த மென்பொருள்களைத் தொட்டால் வெளியேறிய பக்கங்கள் அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். இல்லாத தாமதத்தைப் பணம் கொடுத்து வாங்குவதுதான் இது.

இந்த வியாபாரத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. விண்டோஸ் 95 வந்த ஆண்டிலேயே அமெரிக்காவின் சிங்க்ரோனிஸ் சாஃப்ட்கார்ப் என்ற நிறுவனம் ‘சாஃப்ட்ரேம் 95’ என்ற மென்பொருளை விற்றது. ரேம் விலை அதிகமாக இருந்த காலம். சுமார் 30 டாலருக்கு ரேம் இரட்டிப்பாகும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? லட்சக்கணக்கில் விற்றுத் தீர்ந்தது. நினைவகம் கூடியிருப்பதாக அதன் திரையில் அளவுமானியும் காட்டியது. கணினிப் பத்திரிகைகளும் நிரலாளர்களும் உள்ளே பிரித்துப் பார்த்தபோது, விண்டோஸ் 95-ல் அது எந்தப் பக்கத்தையும் சுருக்கவில்லை என்பது தெரிந்தது. சரக்கு திரும்பப் பெறப்பட்டது. 1996-ல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், யோசனை பொய்யில்லை. சாஃப்ட்ரேம் 95 வருவதற்கு முந்தைய ஆண்டே கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் ‘ரேம் டபுளர்’ மேக் கணினிகளில் சுருக்கும் வேலையை உண்மையாகவே செய்தது. இன்று எல்லா இயங்குதளங்களும் இலவசமாகச் செய்வதும் அதைத்தான்.

ரேம் போடுவதென்றால்

எந்தச் சிக்கனமும் ஓர் எல்லை வரைதான். ஒரு பிரவுசர், ஒரு ஆவணம், ஒரு பாட்டு என்றால் 4 ஜிபியில் ஓட்டிவிடலாம். வீடியோ கூட்டத்தில் இருந்தபடி எக்செல் பார்க்க 8 ஜிபி வேண்டும். கூகுளின் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ குறைந்தபட்சமே 8 ஜிபி கேட்கிறது. அதில் எமுலேட்டரும் ஓட வேண்டுமென்றால் 16 இல்லாமல் நிம்மதி கிடையாது.

ரேம் சேர்க்க முடியுமா என்பதை டாஸ்க் மேனேஜரின் அதே மெமரி பகுதி ஓரளவு சொல்லும். ‘ஸ்லாட்ஸ் யூஸ்ட்’ என்ற இடத்தில் ‘1 ஆஃப் 2’ என்று இருந்தால் ஓர் இடம் காலியாக இருக்கக்கூடும். கணினியின் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, போர்டு எவ்வளவு வரை ஏற்கும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மெல்லிய மடிக்கணினிகளில் ரேம் போர்டோடு சாலிடர் செய்யப்பட்டிருக்கும். அங்கே வாங்கும் நாளில் எடுத்த முடிவை மாற்ற முடியாது. 2008-ன் மேக்புக் ஏர் இந்தப் பாதையில் முன்னே போனது. அடிப்படை மாடலில் 8 ஜிபி என்பதை ஆப்பிள் 16-ஆக உயர்த்தியது 2024-ல்தான்.

இனம் மாறினால் பொருந்தாது. மடிக்கணினிக்கான டிடிஆர்3 ரேமில் 204 முனைகள், டிடிஆர்4-ல் 260, டிடிஆர்5-ல் 262. நடுவில் இருக்கும் வெட்டும் இடம் மாறியிருக்கும் என்பதால் தவறான ரேம் உள்ளே போகாது. டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்-க்கும் மட்டும் வடிவம் ஒன்றே, மின்னழுத்தம் 1.5 வோல்ட்டுக்கும் 1.35-க்கும் மாறும். 3எல் மட்டுமே ஏற்கும் கணினியில் பழைய டிடிஆர்3-ஐப் போட்டால் வேலை செய்யாது. ஒரே அளவில் இரண்டு ரேம் போட்டால் புராசஸர் இரு வழியாகவும் ஒரே நேரத்தில் எடுக்கும். தனி கிராஃபிக்ஸ் இல்லாத கணினிகளில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

விலைதான் இப்போது சிக்கல். உலகின் ரேம் சிப்புகளில் பெரும்பங்கைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் அதிக லாபம் தரும் உயர்வேக நினைவகத்தை அள்ளிக்கொள்வதால் ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. 2025-ன் பிற்பகுதியில் சில மாதங்களுக்குள் சாதாரண ரேமின் விலை இரு மடங்கைத் தாண்டியது. அந்த டிசம்பரில், தனிநபர்களுக்கு ரேம் விற்றுவந்த தன் ‘குரூஷியல்’ வணிகத்தை விட்டு விலகுவதாக மைக்ரான் அறிவித்தது. இதனால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற சந்தைகளில் கழற்றிய பழைய ரேமைத் தேடுவது இன்னும் நியாயமான வழியாகியிருக்கிறது. நகரும் பாகம் எதுவும் இல்லாத பொருள் என்பதால் பழைய ரேமை வாங்குவது பழைய ஹார்டு டிஸ்கை வாங்குவதைவிட எவ்வளவோ பாதுகாப்பானது. ஆனால் சோதித்துப் பார்த்து மாற்றிக்கொள்ள அவகாசம் தரும் கடையாக இருக்க வேண்டும்.

பொருத்துவது கடினமில்லை. கணினியை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியின் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். உடலில் உள்ள நிலைமின்சாரம் போக ஏதாவது ஓர் உலோகத்தைத் தொட்டுக்கொள்வது நல்லது. ரேமைச் சாய்வாக ஸ்லாட்டுக்குள் செருகி, தங்க நிற முனைகள் மறையும்வரை உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் இரு பக்கக் கொக்கிகளும் ‘டிக்’ என்று பிடித்துக்கொள்ளும். திரை வராமல் பீப் ஒலி மட்டும் கேட்டால் பெரும்பாலும் ரேம் சரியாக உட்காரவில்லை என்று பொருள். கடைக்காரர்கள் பென்சில் அழிப்பானால் முனைகளை மெதுவாகத் தேய்த்துத் துகளை ஊதிவிட்டு மறுபடி போடுவதைப் பார்த்திருக்கலாம். பழைய ரேமில் படிந்த அழுக்கை நீக்க அது பெரும்பாலும் போதும்.

திரை வந்துவிட்டாலே ரேம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஒரு சில பிட்டுகள் மட்டும் பழுதான ரேம் வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடிவிட்டு, ஒரு நாள் நீலத் திரையையோ திறக்க முடியாத கோப்பையோ கொடுக்கும். விண்டோஸில் இருக்கும் ‘மெமரி டயக்னாஸ்டிக்’ விரைவான சோதனைக்கு உதவும். மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து கணினியைத் திறந்து, இரவு முழுக்க ஓடவிடுவது முழுமையான சோதனை. காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.